பூலைச் சுற்றி நாலு அடி கான்கிரீட்: முதல் தடவை எங்கே தப்பு பண்ணினோம்

இந்த வாரம் கோடிங் இல்லை, ஏஐ இல்லை, வேலை மாறுவது எப்படி என்ற கதையும் இல்லை. சிமெண்ட், ஜல்லி, எம்-சாண்ட். ஏன் திடீரென்று இது என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தில் என் பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ரிட்டயர் ஆன பிறகு கோயம்புத்தூருக்கு வெளியே பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனார். அத்தைக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். தண்ணீருக்குள் நடந்தால் முட்டிக்கு பாரம் குறையும் என்று டாக்டர் சொன்னதால், தோட்டத்தில் சின்னதாக ஒரு நீச்சல் குளம் கட்டினார்கள். 20 அடி நீளம், 10 அடி அகலம், மார்பளவு ஆழம். பண்ணை வீட்டு பார்ட்டி பூல் இல்லை, கிட்டத்தட்ட மருந்து மாதிரி கட்டின பூல்.

குளம் நன்றாகவே அமைந்தது. பிரச்சனை அதைச் சுற்றி இருந்த தளத்தில்தான். "சுத்தி என்ன போடலாம் கண்ணு, நீ இன்டர்நெட்ல பாத்து ஒரு டிசைன் அனுப்பு" என்று மாமா கேட்டார். நான் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டே இன்ஸ்டாகிராமில் ஒரு ஃபோட்டோவைத் தேடி அனுப்பினேன். அடர் சாம்பல் நிறம், கண்ணாடி மாதிரி பளபளப்பு, மேலே வானம் தெரிகிற அளவுக்கு. காண்ட்ராக்டர் அப்படியே செய்து கொடுத்தார். குடியேறின மூணாவது மாதம், குளத்திலிருந்து ஏறி வந்த அத்தை இரண்டாவது அடியில் வழுக்கி விழுந்தார். கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிவு. கட்டு பிரித்த பிறகும் எட்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. யார் மருந்துக்காகக் கட்டினோமோ அவரே உள்ளே இறங்கவில்லை. அந்த ஃபோட்டோவை அனுப்பினது நான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் படித்தது இன்ஜினியரிங்தான், ஆனால் சிவில் இல்லை. அதனால் இரண்டாவது தடவை தளத்தை உடைத்துப் போடும்போது, ஒவ்வொன்றையும் ஏன் ஏன் என்று கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். உங்களில் பல பேருக்கு பூல் இருக்காது, எனக்கும் கிடையாது. ஆனால் போர்ட்டிகோ, வாசல், மொட்டை மாடி, துணி துவைக்கிற இடம் எதுவாக இருந்தாலும் இதில் முக்கால்வாசி அங்கேயும் பொருந்தும்.

முதலில் வழுக்கலைப் பற்றி. கான்கிரீட் இயல்பாக வழுக்காது, நாம்தான் அதை வழுக்க வைக்கிறோம். எங்கள் முதல் தளத்தில் கான்கிரீட் கொட்டி மட்டம் பண்ணினதும், மேலே காய்ந்த சிமெண்ட்டைத் தூவி, இரும்புக் கரண்டியால் தேய் தேய் என்று தேய்த்திருக்கிறார்கள். நம் ஊரில் ரொம்ப சகஜமான வேலை இது. பார்க்க பளிச்சென்று இருக்கும். ஆனால் மேற்பரப்பில் ஒரு மெல்லிய சிமெண்ட் தோல் உண்டாகி, அதற்குக் கீழே இருக்கிற மணலின் சொரசொரப்பு மறைந்துவிடும். போதாக்குறைக்கு, நான் அனுப்பின ஃபோட்டோவில் இருந்த பளபளப்புக்காக மேலே ஒரு கோட் அக்ரிலிக் சீலர். காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. வெறுங்கால், அதில் தண்ணீர், கொஞ்சம் சன்ஸ்கிரீன் அல்லது தேங்காய் எண்ணெய் என்று எல்லாம் சேர்ந்தால் அது தளம் இல்லை, சறுக்கு மரம்.

அப்போ டைல்ஸ் போட்டால் என்ன என்று கேட்டு, ஒரு டைல்ஸ் கடைக்கும் போனோம். "ஆர் 11 சார், வழுக்கவே வழுக்காது" என்றார் கடைக்காரர். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று பெட்டியில் போட்டிருப்பது ஜெர்மன் தரமுறையில் வருகிற மதிப்பு. ஒரு ஆள் ஷூ போட்டுக்கொண்டு, எண்ணெய் ஊற்றின சாய்தளத்தில் நடந்து பார்த்து அதை அளக்கிறார்கள். தொழிற்சாலைத் தரைக்கும் ஹோட்டல் கிச்சனுக்கும் சரி. வெறுங்காலுக்கும் தண்ணீருக்கும் தனியாக வேறொரு சோதனை உண்டு. அதில் ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு. ஏ என்பது குறைந்தது 12 டிகிரி சாய்வு வரை வழுக்காமல் நிற்பது, பி என்றால் 18, சி என்றால் 24. குளத்தங்கரைக்குக் கேட்க வேண்டியது இந்த ஏ-பி-சி எழுத்தை, குறைந்தது பி. கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் ஒரு டைல் கேட்டு வாங்கி, தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கள். நாங்கள் அப்படி நின்று பார்த்ததைக் கடையில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள், பரவாயில்லை.

கடைசியில் கான்கிரீட்டையே மறுபடி போடுவது என்று முடிவு. ஆனால் இந்த முறை ஃபோட்டோ பார்த்து இல்லை. மேஸ்திரியிடம் சொல்லி, இரண்டு அடிக்கு இரண்டு அடி அளவில் மூன்று மாதிரிப் பலகைகள் போட்டுத் தோட்டத்தில் வைத்தோம். ஒன்று துடைப்பத்தால் இழுத்தது. ஒன்று மேல் சிமெண்ட்டைக் கழுவிவிட்டு கூழாங்கல் தெரிகிற மாதிரி விட்டது. இன்னொன்று அச்சு வைத்து கல் மாதிரி வடிவம் பதித்த ஸ்டாம்ப்டு கான்கிரீட், அடர் நிறம்.

ஏப்ரல் மாதம், மதியம் இரண்டு மணி. மூன்றிலும் வெறுங்காலோடு நின்றோம். அடர் நிறப் பலகையில் நான் பத்து எண்ணுவதற்குள் இறங்கிவிட்டேன். நிறம் அடர்த்தியாக ஆக வெயிலை உள்ளே இழுக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம்தான், ஆனால் டிசைன் தேர்ந்தெடுக்கும்போது அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. வெளிநாட்டு ஃபோட்டோவில் அழகாக இருக்கிற கருஞ்சாம்பல், அந்த நாட்டு வெயிலுக்கு. கடப்பா கல் போடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதையும் இதே காரணத்துக்காகத் தள்ளிவிட்டோம்: கருப்பு, சூடு, நனைந்தால் வழுக்கல். கூழாங்கல் பலகை சூடு குறைவாகவும் பிடிப்பாகவும் இருந்தது, ஆனால் அத்தை காலை வைத்ததும் "குத்துது" என்றார். முட்டி வலி இருக்கிறவருக்கு ஒவ்வொரு அடியும் கணக்கு. அதோடு அது முடிந்தது. துடைப்பம் இழுத்த பலகை ஜெயித்தது. இருப்பதிலேயே விலை குறைந்ததும் அதுதான் என்பது மாமாவுக்குக் கூடுதல் சந்தோஷம்.

துடைப்பம் என்றால் நிஜத் துடைப்பம்தான். கான்கிரீட் மேலே கசிந்து நிற்கிற தண்ணீர் வற்றி, பளபளப்பு அடங்கின பிறகு, மணியாஸ் கட்டையால் ஒரு தடவை தடவிவிட்டு, துடைப்பத்தை ஒரே திசையில் மெதுவாக இழுக்க வேண்டும். குளத்திலிருந்து வெளிப்பக்கமாக இழுத்தால், கோடுகள் வழியாகவே தண்ணீர் வெளியே ஓடும். ரொம்பச் சீக்கிரம் இழுத்தால் ஜல்லி கிளம்பி வரும், லேட்டானால் கோடே விழாது. கசிந்த தண்ணீர் நிற்கும்போதே தேய்த்தால் மேல் தோல் பலவீனமாகி, பின்னால் மாவு மாதிரி உதிரும். அந்த நேரத்தை மேஸ்திரி கையை வைத்துப் பார்த்தே சொல்கிறார். எந்த ஆப்பும் இல்லை.

இப்போது விரிசல். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதல் தளத்தில் நான்கு விரிசல்கள். நான்கும் குளத்தின் நான்கு மூலையிலிருந்து சாய்வாக வெளியே ஓடின. யாரோ ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி. கான்கிரீட் மட்டம், சிமெண்ட் மட்டம் என்று எல்லோரும் திட்டினோம். ஆனால் நான்கு மூலையிலும் ஒரே மாதிரி வந்தால் அது சரக்கின் தரமாக மட்டும் இருக்க முடியாது, அமைப்பில் இருக்கிற பக். பக் என்றால் எனக்குக் கை பரபரக்கும்.

கான்கிரீட் காயும்போது சுருங்கும். சாதாரணமாக ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் வரை. கேட்க ஒன்றுமில்லை போலத் தெரியும். எங்கள் தளம் குளத்தைச் சுற்றி நாலு அடி அகலம், அதனால் நீளவாக்கில் வெளி அளவு 28 அடி, எட்டரை மீட்டர். அதில் 4 மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கப் பார்க்கும். ஆனால் நடுவில் குளத்தின் சுவர் கெட்டியாக நிற்கிறது, சுருங்க விடாது. இழுவிசை எங்கே குவியும்? உள்மூலையில். ஒரு பேப்பரில் நடுவே சதுர ஓட்டை வெட்டிவிட்டு இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள், ஓட்டையின் மூலையிலிருந்துதான் கிழியும். கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் மட்டும் சீக்கிரம் கிழிந்துவிடும்.

அப்போ விரிசலைத் தடுக்க முடியாதா? முடியாது. எங்கே வர வேண்டும் என்று மட்டும் நாம் சொல்லலாம். அதற்குத்தான் ஜாயிண்ட். தளத்தின் கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு ஒரு கோடு வெட்டிவிட்டால், அந்த இடம் பலவீனமாகி, விரிசல் அந்தக் கோட்டுக்குக் கீழேயே போய் ஒளிந்துகொள்ளும். 4 அங்குலத் தளத்துக்கு 1 அங்குல ஆழம். இரண்டு கோட்டுக்கு நடுவே தூரம், கனத்தைப் போல 24 முதல் 30 மடங்கு வரை போகலாம் என்பது பொதுக் கணக்கு. 4 அங்குலத்துக்கு 8 முதல் 10 அடி. ஆனால் கட்டம் நீளமாக இல்லாமல் சதுரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் அகலம் நாலு அடிதான் என்பதால் ஐந்து அடிக்கு ஒரு கோடு போட்டோம், 20 அடியும் 10 அடியும் சமமாகப் பிரிகிற மாதிரி. முக்கியமாக, குளத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் கோடு கிளம்பியே ஆக வேண்டும். முதல் காண்ட்ராக்டர் இதில் ஒன்றுகூட போடவில்லை. கோடு போட்டால் அழகு கெட்டுப்போகும் என்று மாமாவும் தலையாட்டியிருக்கிறார்.

எங்கள் மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல். ஜாயிண்ட் பற்றி நான் யூடியூபில் பார்த்ததையெல்லாம் ஒப்பித்தபோது சிரித்தார். "தம்பி, பழைய வீட்ல சிமெண்ட் தரைல கண்ணாடிப் பட்டை பதிச்சிருப்பாங்க, பாத்திருக்கீங்களா? அது எதுக்குன்னு நெனச்சீங்க, அழகுக்கா?" எங்கள் பாட்டி வீட்டுத் தரையில் அந்தக் கோடுகளுக்குள் நான் பாண்டி விளையாடியிருக்கிறேன். அது ஜாயிண்ட் என்று அன்றைக்குத்தான் தெரியும். பூல் பக்கம் கண்ணாடி வேண்டாம் என்பதால் மெஷினில் வெட்டினோம். காலையில் கொட்டின கான்கிரீட்டை அன்றைக்குச் சாயங்காலமே. வெயில் காலத்தில் மறுநாள் வரை விட்டால், நாம் வெட்டுவதற்குள் அதுவே வெடித்துக்கொள்ளும்.

ஜாயிண்ட்டில் இன்னொரு வகை இருக்கிறது, அதைக் கோட்டை விட்டால் செலவு அதிகம். குளத்தின் விளிம்பில் இருக்கிற கோப்பிங் கல்லும், நம் தளமும் ஒன்றை ஒன்று தொடவே கூடாது. குளம் ஒரு தனி கட்டுமானம், ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது. தளம் மண்ணின் மேலே மிதக்கிறது. இரண்டும் வெவ்வேறு விதமாக நகரும். மதிய வெயிலில் தளம் விரிந்து தள்ளும்போது, இடைவெளி இல்லையென்றால் கோப்பிங் கல் எழும்பிக்கொண்டு வரும். எங்களுக்கு மேற்குப் பக்கம் நாலு கல் அப்படித்தான் கிளம்பியிருந்தது. அரை அங்குல இடைவெளி விட்டு, உள்ளே ஃபோம் கயிறு வைத்து, மேலே ரப்பர் மாதிரி இளகிக் கொடுக்கிற பாலிசல்ஃபைடு அல்லது பாலியூரிதேன் சீலண்ட் அடிக்க வேண்டும். சிமெண்ட் பூசி அடைக்கக் கூடாது. "சந்து தெரியுதுங்க, சிமெண்ட் பால் ஊத்தி அடைச்சிரலாமா" என்று ஒரு கொத்தனார் வாளியோடு வந்தார். ஓடிப்போய்த் தடுத்தேன்.

மண். உடைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, குளம் கட்டும்போது தோண்டிய மண்ணையே சுற்றிலும் தள்ளிவிட்டு, மேலே தண்ணீர் விட்டு, அடுத்த வாரமே கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். அதிலும் பாதி கரிசல் மண். நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். குளத்தங்கரையில் தினமும் தண்ணீர் சிந்துகிறது, பக்கத்தில் தோட்டப் பாசனம், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வேறு. ஒரு பக்கம் ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. அதனால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கரிசலை எடுத்துவிட்டு, கிராவல் நிரப்பினோம். ஒரேயடியாகக் கொட்டாமல் ஆறு ஆறு அங்குலமாகப் போட்டு, லேசாக நனைத்து, ஒவ்வொரு அடுக்கையும் வாடகைக்கு எடுத்த கம்பாக்டரால் இறுக்கினோம். மெஷின் போகாத மூலையில் திம்மிசுக் கட்டை. குளத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டே இதைச் செய்தோம், காலியாக இருக்கிற சுவரை வெளியிலிருந்து அழுத்துவது நல்லதில்லை. பட்ஜெட்டில் பெரிய பங்கு போனது இங்கேதான், கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் போவதும் இதுதான்.

உங்கள் இடத்தில் மண் இன்னும் அடங்கவில்லை என்றால், உண்மையில் கான்கிரீட்டே வேண்டாம், பேவர் பிளாக் போடுங்கள் என்பேன். இறங்கினால் அந்த இடத்தை மட்டும் கழற்றி நிரப்பி மறுபடி அடுக்கலாம். கான்கிரீட் அப்படி இல்லை. டெப்ளாய் பண்ணினால் ரோல்பேக் கிடையாது, பிரேக்கர் மெஷின்தான்.

கம்பியைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். 8 எம்.எம். கம்பி கட்டினோம். கம்பி விரிசலைத் தடுக்காது, வந்த விரிசல் அகலமாகாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அதுவும் கவர் பிளாக் வைத்துத் தூக்கி நிறுத்தினால்தான். தரையோடு தரையாகக் கிடந்தால், மண்ணுக்குப் போட்ட கம்பி.

அந்தக் கம்பிக்கு இன்னொரு வேலை இருக்கிறது, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். குளத்துக்குள் லைட், பக்கத்தில் மோட்டார். எங்காவது மின்கசிவு வந்தால் தண்ணீருக்கும் நீங்கள் நிற்கிற தரைக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் உண்டாகலாம். ஈரக் கால், ஈரக் கை. அதனால் தளத்துக் கம்பி, ஏணி, மோட்டாரின் உடல் எல்லாவற்றையும் ஒரே செம்புக் கம்பியால் இணைத்துவிட வேண்டும். இதற்குப் பெயர் பாண்டிங். அமெரிக்க மின்சார விதிகளில் குளத்தின் சுவரிலிருந்து மூன்று அடி வரை சுற்றுத் தரைக்கு இது கட்டாயம். வித்தியாசமே இல்லையென்றால் ஷாக் அடிக்க வழியில்லை. கூடவே 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். முதல் தளத்தில் இரண்டுமே இல்லை என்று எலக்ட்ரீஷியன் காட்டியபோது, மணிக்கட்டோடு போனதே என்று மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாண்டிங்கை கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். பின்னால் நினைத்தால் உடைக்கத்தான் வேண்டும்.

வாட்டம். தண்ணீர் குளத்துக்குள் திரும்பாமல் வெளிப்பக்கம் ஓட, ஒரு அடிக்குக் கால் அங்குலம். நாலு அடிக்கு மொத்தம் ஒரு அங்குலம். கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது, தண்ணீருக்கு மட்டும் தெரியும். டியூப் லெவல் வைத்து நானே பிடித்தேன். ஓடி வருகிற தண்ணீருக்கு ஓரத்தில் ஒரு சின்ன வாய்க்காலும் வேண்டும், இல்லையென்றால் அது நேராகத் தளத்துக்கு அடியில்தான் இறங்கும்.

கொட்டுகிற நாள். கணக்கு போட்டால் மொத்தம் 304 சதுர அடி, 4 அங்குல கனம், ஏறக்குறைய 3 கன மீட்டர். ரெடிமிக்ஸ் லாரிக்கு ரொம்பச் சின்ன ஆர்டர், அதனால் மிக்சர் மெஷின்தான். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று, முக்கால் ஜல்லி. சண்டை வந்தது தண்ணீரில். ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு 25 லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று நான் வாளியில் கோடு போட்டு வைத்திருந்தேன். "தம்பி, கெட்டியா இருந்தா எப்படிங்க இழுக்கறது" என்று ஆட்கள் ஹோஸைத் திறந்துவிட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, முதுகு அவர்களுடையது. ஆனால் தண்ணீர் கூடக் கூட பலம் குறையும் என்பது 1918-இல் டஃப் ஏப்ராம்ஸ் என்பவர் அமெரிக்காவில் சோதித்துச் சொன்ன விதி. கூடுதல் தண்ணீர் எல்லாம் பின்னால் ஆவியாகி ஓட்டையை விட்டுப் போகும், சுருக்கமும் கூடும். கடைசியில் பிளாஸ்டிசைசர் வாங்கி வந்து சமாதானம் பண்ணினோம். கொஞ்சம் கலந்தாலே தண்ணீர் கூடாமல் இளகிக் கொடுக்கிறது. கடற்கரைப் பக்கம், ஈ.சி.ஆர். மாதிரி இடம் என்றால் இந்தக் கலவை போதாது. உப்புக் காற்று கம்பியைத் தின்னும். ஐ.எஸ். 456 அங்கே எம் 30 கேட்கிறது.

நீராற்றல் மாமாவின் துறை. மேஸ்திரி மூணு நாள் போதும் என்றார். நாங்கள் வாங்கினது பி.பி.சி. சிமெண்ட், வெயில் காலம், இந்த இரண்டும் சேர்ந்தால் அதே ஐ.எஸ். 456 பரிந்துரைப்பது 14 நாள். வாட்டம் இருப்பதால் பாத்தி கட்டி தண்ணீர் நிறுத்த முடியாது. சாக்கை நனைத்துப் போட்டு, மேலே பிளாஸ்டிக் ஷீட். ரிட்டயர் ஆன மனுஷனுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. ஒரு நோட்டில் நேரம் எழுதி வைத்து, இரவு பதினொரு மணிக்குக்கூட டார்ச்சோடு போய் நனைத்துவிட்டு வந்தார்.

அத்தை முதல் நாள் இறங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, மாமாவை ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லி, சுற்றி ஒரு ரவுண்டு நடந்தார். கைப்பிடிக் கம்பியை ஆட்டிப் பார்த்தார். "சரி, நாளைக்குப் பாக்கலாம்" என்று உள்ளே போய்விட்டார். மூணு நாள் இதே கதை. நாலாவது நாள் காலையில் மாமா ஃபோன் பண்ணினார், பேசவில்லை, சும்மா தண்ணீர்ச் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தார்.

போன மாதம் மாமாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஃபோட்டோ: வடகிழக்கு மூலை ஜாயிண்ட்டுக்குள்ளே, அடியில், தலைமுடி மாதிரி ஒரு விரிசல். கூடவே ஒரு வாய்ஸ் நோட். "கண்ணு, நீ சொன்ன எடத்துலயே வந்துருச்சு."